ஓதமா ஏன் ஓடவில்லை: கதைவிளையாட்டில் ஒரு பெருங்கடல் விலங்கை வைத்து நடந்த நிகழ்வின் ஆய்வு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கதைவிளையாட்டில், ஒரு கற்பனை விலங்கு கொல்லப்பட்டதும் அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதும்தான் இந்தப் பதிவு. ஆட்டத்தை நடத்தியது நான். பங்கெடுத்தவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. சாந்தமான, மிகப்பெரிய ஓர் உயிரைத் தங்கள் கதையிலோ ஆட்டத்திலோ கொண்டுவர நினைப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

இந்த ஆட்டவகை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆடுபவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். கேம் மாஸ்டர் அந்த உலகத்தையும் அதில் உள்ள மற்ற உயிர்களையும் சொல்லிக்கொண்டு போவார். முடிவு தெரியாத செயல்களைப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு விவரத்தாள் இருக்கும். அதில் 'உயிர்ப் புள்ளி' என்று ஓர் எண் இருக்கும். அடிபட அடிபட அது குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் சாவு.

எங்கள் உலகத்துக்கு நெடுநீர் என்று பெயர் வைத்திருந்தோம். தரை மிகக் குறைவு. மக்கள் தெப்பங்களைக் கயிற்றால் பிணைத்து ஊராக்கி வாழ்கிறார்கள். கடல் ஆழமில்லாதது, சராசரி நாற்பது மீட்டர்தான். விளக்கு எண்ணெய் அரிது. பன்னிரண்டு அமர்வுகளில் முடிப்பதாகத் திட்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுவோம். ஆடியவர்கள் ஐந்து பேர்: ஒரு கணவன் மனைவி, ஒரு கல்லூரி மாணவர், ஓர் அண்ணன், அவருடைய பதினைந்து வயதுத் தங்கை. தங்கைக்கு இதுதான் முதல் ஆட்டம்.

நான்காம் அமர்வில் ஒரு பெரிய கடல் விலங்கை அறிமுகப்படுத்த நினைத்தேன். பயமுறுத்தாத ஒன்று வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். பெயர் தேடியபோதே சிக்கல் தெரிந்தது. நம்மிடம் இருக்கும் பழைய சொற்களைப் பாருங்கள்: திமி என்பது பெருமீன், அதை விழுங்குவது திமிங்கிலம், திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். பெரிய உடல் என்றாலே பெரிய வாய் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் கடல் பொங்குவதைக் குறிக்கும் ஓதத்தையும் விலங்கைக் குறிக்கும் மாவையும் சேர்த்து 'ஓதமா' என்று வைத்தேன். பெயருக்கு எடுத்துக்கொண்ட அக்கறையை உடலுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

முதல் விவரத்தாள்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் நான்கு வரி. நீளம் 400 மீட்டர். உயிர்ப் புள்ளி 900. குணம்: சாந்தமானது, எந்த நிலையிலும் தாக்காது. பயன்: உடலில் எண்ணெய் உண்டு.

நான்காம் அமர்வு

இருட்டும் நேரம், தெப்பத்துக்குக் கீழே கடல் கறுக்கிறது, கறுப்பு நகர்கிறது, நகர்ந்துகொண்டே இருக்கிறது, முடியவே இல்லை என்று வர்ணித்தேன். மேசையில் ஒரு நொடி அமைதி. நான் எதிர்பார்த்த அமைதிதான். அப்புறம் மாணவர் கேட்டார்: "அக்கா, இதுக்கு எத்தனை பாயின்ட்?"

நான் சொல்லிவிட்டேன். தொள்ளாயிரம், ஆனால் இது யாரையும் தாக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். பிரமிப்பை இன்னும் கூட்டுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஒரு ஈட்டிக்குச் சராசரி ஒன்பது புள்ளி, ஐந்து பேர், இருபது சுற்று. நமக்கு ஒரு கீறல்கூட விழாது, ஊருக்கு வருஷக்கணக்கில் எண்ணெய். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த தாளை அவர் சரியாகப் படித்தார்.

இருபதுக்குப் பதில் இருபத்தைந்து சுற்று ஆனது. காரணம், அந்தப் பதினைந்து வயதுப் பெண் முதல் சுற்றிலேயே "நான் துடுப்பு மட்டும் போடுறேன்" என்று சொல்லிவிட்டாள். நான் கேட்டேன், குறித்துக்கொண்டேன், தாண்டிப் போய்விட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. மற்ற நால்வரும் பகடை உருட்ட உருட்ட ஒவ்வொரு முறையும் நான் எண்ணைக் குறைத்தேன். கிட்டத்தட்ட நாற்பது நிமிடம். விலங்கு எதுவும் செய்யவில்லை. அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தாளில் இல்லையே.

அவள் முன்னால் ஒரு நோட்டு திறந்திருந்தது. இரண்டு பக்கம் நிறைய ஓதமாவை பென்சிலில் வரைந்திருந்தாள். முதுகுக்கு மேலே எள் அளவில் ஒரு புள்ளி. அதுதான் எங்கள் தெப்பம். உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து கேட்டாள்:

"அக்கா, அது ஏன் ஓடல?"

"அது ரொம்ப சாந்தமானதும்மா."

"சாந்தம்னா வலிக்காதா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் நோட்டை மூடினாள். அன்று மேற்கொண்டு ஆடவில்லை. மறுநாள் அண்ணன் போன் செய்து, தங்கை அடுத்த முறை வரமாட்டாள் போலிருக்கிறது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தானும் ஈட்டி எறிந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

கவனித்தவை

விலங்கியல் படித்த தோழி ஒருத்தியிடம் தாளைக் காட்டினேன். பார்த்தவுடன் சொன்னாள்: "நீளத்தை எழுதியிருக்க, நல்ல குணம்னு எழுதியிருக்க. நடுவுல உடம்பே இல்லையே."

அவளோடு உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கக் கணக்குப் பார்த்தோம். நமக்குத் தெரிந்த மிகப்பெரிய விலங்கு நீலத்திமிங்கிலம். நீளம் ஏறத்தாழ 30 மீட்டர், எடை 150 டன்னையும் தாண்டும். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், ஏனென்றால் அகலமும் உயரமும் சேர்ந்தே வளர்கின்றன. என் 400 மீட்டர் ஓதமா மூன்றரை லட்சம் டன் எடை வரும். அதன் உடல் கனமே ஐம்பது மீட்டரைத் தொடும். நான் வைத்திருந்த கடலின் ஆழமோ நாற்பது. அதாவது அந்த விலங்கு நீந்தவே முடியாது, தரைதட்டி நிற்கும். மேசையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றாலும், எல்லாருக்கும் அது உயிர் என்று தோன்றாமல் மிதக்கும் கிடங்கு என்று தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது எதைத் தின்கிறது, எப்போது மூச்சு விடுகிறது, எங்கே திரும்ப இடமில்லாமல் தவிக்கிறது என்று நானே யோசித்திருக்கவில்லை. யோசிக்காததை வர்ணிக்கவும் முடியாது.

அந்தப் பெண்ணின் கேள்விக்குத் தோழி ஒரு பதில் வைத்திருந்தாள். 1741இல் வட பசிபிக்கில் உள்ள பெரிங் தீவில் கப்பல் உடைந்து மாட்டிக்கொண்ட குழுவில் கியோர்க் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் இருந்தார். அங்கே அவர் பார்த்து விவரித்த கடல்பசு எட்டு மீட்டருக்கு மேல் வளர்வது, கடற்புல் மேயும் பாலூட்டியான ஆவுளியாவின் உறவு. கரையோரம் கடற்பாசி மேய்ந்துகொண்டிருக்கும், முழுசாக மூழ்கவும் செய்யாது, மனிதர்கள் அருகில் வந்தால் விலகவும் செய்யாது. ஒன்றைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் மற்றவை அதை விடுவிக்கப் பார்க்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். கரையில் செத்துக் கிடந்த தன் இணையைத் தேடி ஓர் ஆண் இரண்டு நாள் தொடர்ந்து வந்ததையும் எழுதியிருக்கிறார். 1768வாக்கில் அந்த இனமே முடிந்துபோனது. இருபத்தேழு வருடம்.

தன்னை வேட்டையாடும் ஒன்றைக் காணாமலே வளர்ந்த விலங்குக்கு ஓட வேண்டும் என்றே தெரியாது. அதற்கு வலிக்கும், ஆனால் வலியையும் ஈட்டியையும் இணைத்துப் பார்க்க அதற்குப் பழக்கம் இல்லை. இதை நான் நான்காம் அமர்வுக்கு முன்பே அறிந்திருந்தால் மேசையில் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

எடுத்த முடிவுகள்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அமர்வையே இல்லாததாக்கி மறுபடி ஆடுவது ஒன்று. கொன்றவர்களைத் தண்டிப்பது இன்னொன்று: இன்னொரு ஓதமா பழிவாங்க வரும், தெப்பங்கள் உடையும். மூன்றாவது, சாவை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து எது விளையுமோ அதை நேர்மையாகச் சொல்வது.

முதல் வழியை அந்தப் பெண்ணே மூடிவிட்டாள். அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது அவளிடம் போனில் பேசினேன். அவள் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் சொன்னது: "செத்தது செத்ததாவே இருக்கட்டும் அக்கா. திரும்ப உயிரோட கொண்டு வந்தா நான் வரவே மாட்டேன்." பதினைந்து வயதில் இவ்வளவு தெளிவு.

தண்டிக்கும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. பழிவாங்கும் ஓதமா என்றால் அது சாதாரணப் பூதமாகிவிடும். ஈட்டி எறிந்தது சரிதான் என்றும் ஆகிவிடும். ஆட்டத்துக்குள் சாந்தமான உயிர் ஒன்று உண்டு என்று சொல்லியிருந்தேன். அந்த ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும்.

ஆக, மூன்றாவது. இங்கேயும் ஓர் ஆசையைக் கைவிட்டேன். ஆழ்கடலில் திமிங்கிலத்தின் உடல் அடியில் போய்ச் சேர்ந்தால் பல பத்தாண்டுகளுக்கு அதைச் சுற்றி ஓர் உயிர்க்கூட்டமே வாழும். எலும்பையே தின்னும் புழுக்கள்கூட உண்டு. அழகான விஷயம். ஆனால் என் கடல் ஆழமில்லாதது. ஆழமில்லாத நீரில் உடல் உப்பி மேலே வரும், அழுத்தி வைக்க ஆழம் இல்லை. அதனால் அழகான சாவை எழுத எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம், ஆறாம் அமர்வுகள்

ஐந்தாம் அமர்வுக்கு அவள் வரவில்லை. எண்ணெய் எடுத்தார்கள், விளக்கு எரிந்தது. எடுத்தது ஒரு சிறு பகுதிதான். மீதி உப்பி, ஊரின் ஓரத்தில் முட்டிக்கொண்டு கிடந்தது. கயிறு கட்டி இழுக்க ஐந்து ஊர்த் தெப்பங்கள் தேவைப்பட்டன. இதை நான் நீட்டவில்லை.

நீட்டியது தண்ணீரைப் பற்றித்தான். பெரிய திமிங்கிலங்கள் ஆழத்தில் தின்று மேலே வந்து கழிக்கின்றன. அந்தக் கழிவில் இரும்பும் நைட்ரஜனும் உண்டு. மேல்நீரில் வாழும் நுண்பாசிக்கு அதுதான் உரம். பாசியைச் சின்னஞ்சிறு உயிர்கள் தின்னும், அவற்றை மீன் தின்னும். ஓதமாவுக்கும் இதே வேலையைக் கொடுத்தேன். ஆனால் விளக்கிச் சொல்லவில்லை. ஆறாம் அமர்வின் தொடக்கத்தில் ஒரே வரி: "தண்ணி ரொம்பத் தெளிஞ்சிருக்கு. அடி வரைக்கும் தெரியுது."

எல்லாரும் மகிழ்ந்தார்கள். கணவர் முத்து தேடலாம் என்றார். வலை போட்டார்கள், லேசாக வந்தது. இன்னொரு இடத்தில் போட்டார்கள், அங்கேயும் அப்படியே. அந்த அமர்வுக்குத் திரும்பி வந்திருந்த தங்கைதான், மூன்றாவது வலையும் காலியாக வந்தபோது, மெதுவாகச் சொன்னாள்: "பச்சையா இருந்தப்போதான மீன் இருந்துச்சு." மாணவர் தன் பழைய தாள்களைப் புரட்டினார். முதல் மூன்று அமர்வுகளிலும் நான் கடலைப் பச்சை என்றே வர்ணித்திருந்தேன். அது தற்செயலாக அமைந்தது. ஆனால் அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்ததால் அதற்கு ஒரு கனம் வந்துவிட்டது.

திருத்திய ஓதமா

ஏழாம் அமர்வுக்கு விலங்கை மறுபடி உருவாக்கினோம். நீளம் 60 மீட்டர். எடை ஏறத்தாழ 1200 டன் என்று வைத்தோம். இப்போது அது நாற்பது மீட்டர் ஆழத்தில் நீந்தும். ஆனால் ஊர்களுக்கு இடையே உள்ள கால்வாய்களில் ஆழம் பன்னிரண்டு மீட்டர்தான். அங்கே தெப்பத்துக்குக் கீழே போக வேண்டுமானால் வாலை அசைக்காமல், உந்திய வேகத்திலேயே, வயிறு தரையில் உரச உரசத்தான் போக முடியும். வாலை ஒருமுறை அடித்தால் தெப்பம் கவிழும். அடிக்காமல் போவதால் வயிற்றில் நெடுக்காகத் தழும்புகள். இந்தத் தழும்பு யோசனை வந்த பிறகுதான் 'சாந்தமானது' என்ற சொல்லைத் தாளிலிருந்து அடித்தேன்.

குரலுக்கும் இதயத்துக்கும் நிஜத்திலிருந்தே எடுத்துக்கொண்டோம். நீலத்திமிங்கிலத்தின் சில அழைப்புகள் மனிதக் காது கேட்கும் கீழெல்லையான 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே போகும். 2019இல் வெளியான ஆய்வில், உறிஞ்சுகிண்ணம் வைத்து ஒட்டிய கருவியால் நீலத்திமிங்கிலத்தின் இதயத்துடிப்பை அளந்திருந்தார்கள். மூழ்கும்போது நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை இறங்கியிருந்தது.

உயிர்ப் புள்ளி என்ற வரியைத் தாளில் வைக்கவே இல்லை.

ஏழாம் அமர்வு

மேசை நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். தெப்பத்துக்குக் கீழே எதுவோ இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் விரல் மூட்டால் ஒருமுறை தட்டினேன். தண்ணீரில் வளையம் எழுந்து அடங்கியது. பேசாமல் இருந்தேன். முப்பது நொடி கழித்து இன்னொரு தட்டு.

முப்பது நொடி மிக நீளமான நேரம். இரண்டாவது தட்டுக்குப் பிறகு மாணவர் ஏதோ கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நான்காவது தட்டுக்குள் ஐந்து பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்தான் முதலில் சொன்னாள்: "இதயம்."

அப்புறம் மெதுவாகச் சொன்னேன். வால் அசையவில்லை. மணல் உரசும் அதிர்வு மரத்தில் ஏறுகிறது. பக்கத்தில் சிறியது ஒன்று, இன்னும் தழும்பு விழாத வயிற்றோடு, தாயைப் பார்த்து வாலை அடக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறை தவறிப்போய் அடித்துவிடுகிறது, தெப்பம் குலுங்குகிறது, தாய் தன் உடலைச் சாய்த்து அதை இன்னும் கீழே அழுத்துகிறது. மாணவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், எத்தனை பாயின்ட் என்று. எண் கிடையாது என்றேன். அவர் ஈட்டியைக் கீழே வைக்கவில்லை, எறியவும் இல்லை.

பின்விளைவு

எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். எட்டாம் அமர்வு முழுக்க வாக்குவாதம். ஊர் இருட்டில் இருக்கிறது, எண்ணெய் வேண்டும் என்று கணவர் வாதாடினார். அவர் பாத்திரம் ஊர்த்தலைவர், அவர் வாதம் நியாயமானதுதான். மனைவி எதிர்த்தார். கடைசியில், தானாக இறந்து ஒதுங்கும் ஓதமாவிலிருந்து மட்டும் எண்ணெய் எடுப்பது என்று ஐந்து தெப்ப ஊர்களும் ஒப்புக்கொண்டன. கணவர் ஒன்பதாம் அமர்வுக்குப் பிறகு விலகினார். சண்டை இல்லை, இவ்வளவு நிதானமான ஆட்டம் தனக்கு ஒத்துவரவில்லை என்றார். அது இந்த முடிவின் விலை, மறைக்க விரும்பவில்லை. மாணவர் கடைசி அமர்வில் என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்: "பாயின்ட் இருந்திருந்தா அடிச்சிருப்பேன் அக்கா."

அந்தப் பெண் தன் பாத்திரத்துக்குப் புது வேலை கேட்டாள். திமிங்கிலச் சுறாக்களை உடம்பில் உள்ள புள்ளி வரிசையை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள். அதற்கு விண்மீன் படங்களை ஒப்பிட உருவாக்கிய கணக்குமுறையையே பயன்படுத்துகிறார்கள் என்று தோழி அவளுக்குச் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டாள். கால்வாயைக் கடக்கும் ஒவ்வோர் ஓதமாவின் வயிற்றுத் தழும்பையும் மூழ்கிப் பார்த்து வரைந்து வைப்பவள் அவள். பன்னிரண்டாம் அமர்வு முடியும்போது நோட்டில் பதினொன்று இருந்தன. முதல் பக்கத்தில் பழைய படம், எள் அளவுத் தெப்பத்தோடு, அப்படியே இருந்தது. அதன் கீழே தழும்புக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அதன் வயிற்றை யாரும் பார்க்கவில்லை என்பதால்.

மாற்ற வேண்டியவை

எந்த ஆட்டத்துக்கும் முன்னால், மேசையில் எதைக் காண விருப்பமில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். விலங்குகள் சாவது பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. வயது குறைந்தவர் இருக்கும் மேசையில் அதைக் கேட்காதது என் தவறு.

"நான் துடுப்பு மட்டும் போடுறேன்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி ஐந்து நிமிட இடைவேளை விட வேண்டும். அந்த இடைவேளை இருந்திருந்தால் இருபத்தைந்து சுற்று போயிருக்காது.

கடலின் ஆழத்தை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் உடலைப் பிறகு எழுத வேண்டும். இந்த முறை தலைகீழாகச் செய்தேன்.

உயிர்ப் புள்ளியை எடுத்துவிட்டதில் எனக்கே இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆடுபவர்களின் கையிலிருந்து ஒரு தெரிவைப் பிடுங்கியது போலத்தான் அது. மாணவர் சொன்னதும் அதையே காட்டுகிறது. அடுத்த முறை எண்ணை வைத்தே, அதே தழும்போடும் அதே கன்றோடும் ஆடிப் பார்க்கப் போகிறேன். அதற்கான தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் வரி: எதைக் கண்டால் விலகும், விலகும்போது எங்கே உரசும். நீளம் இன்னும் எழுதவில்லை.